எங்கள் இடத்தில் நின்ற ஜீப்

எங்கள் தொடர்மாடியில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கார் பார்க்குக்குள் கதிரை போட்டுக் குந்தியிருந்து சண்டை பிடித்த மனிசி என்று. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் முதல் கிழமையே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. கதை பொய்யில்லை. ஆனால் சொல்கிறவர்கள் எல்லாரும் கதிரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததை ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஆறு மாடிக் கட்டடத்தின் நாலாம் மாடியில் நானும் கணவரும் மகளும் இருக்கிறோம். கணவருக்குப் பம்பலப்பிட்டியில் வங்கி வேலை. எனக்குக் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் சிறிய கம்பனி ஒன்றில் கணக்கு வேலை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாகனம் விடும் இடம் உண்டு. சுவரில் வீட்டு இலக்கம் மஞ்சள் பெயின்ற்றில் எழுதியிருக்கும். எங்கள் இடத்தில் ஒரு சின்னக் கார் நின்றது.

பெற்றோல் இல்லாமல் நாடு படுத்துக் கிடந்த வருடம் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். என் கணவர் ஒரு இரவு முழுவதும் வரிசையில் காருக்குள் படுத்திருந்து, விடிந்ததும் வெறும் தாங்கியோடு திரும்பி வந்தார். அன்றைக்கே தெமட்டகொடையில் பழைய சைக்கிள் விற்கிற ஒருவரிடம் போய் இரண்டு சைக்கிள் வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் மகளுக்கும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போனவள் நான். அங்கே பெண் பிள்ளை சைக்கிள் ஓடுவதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொழும்புக்குக் கலியாணம் கட்டி வந்த பிறகு ஏறவில்லை. யாரும் தடுத்ததால் அல்ல. இங்கே எங்களைப் போன்றவர்கள் ஏறுவதில்லை, அதனால் நானும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் எங்கள் கட்டடம் முழுக்கச் சைக்கிள் ஓடியது. டொக்டர், கணக்காளர், நகைக்கடைக்காரர் எல்லாரும். கட்டடத்தின் நிர்வாகக் குழுத் தலைவரும் ஓடினார். பெரிய கம்பனி ஒன்றில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பின்னேரங்களில் வெள்ளைத் தொப்பி போட்டு மரைன் டிரைவில் சைக்கிள் ஓடிவிட்டு வந்து, லிஃப்ட் வாசலில் வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் சொல்வார்.

"உடம்புக்கு எவ்வளவு நல்லது பிள்ளை. நாங்கள் இதை முந்தியே தொடங்கியிருக்கோணும்."

பெற்றோல் வந்தது. ஒரு மாதத்துக்குள் சைக்கிள்கள் காணாமல் போயின. சிலது பல்கனியில் துணி காயப்போடும் கம்பியாக மாறியது. சிலது வேலைக்கு வருகிறவர்களின் வீடுகளுக்குப் போனது. தலைவர் தன்னுடையதை வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்காரருக்குக் கொடுத்தார். அதன் பிறகு, அதைக் கேற்றுக்கு உள்ளே கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னார். அந்த மனிதர் அதை வெளியே விளக்குக் கம்பத்தோடு பூட்டி வைத்தார்.

நாங்கள் மட்டும் நிறுத்தவில்லை. பெரிய கொள்கை என்று எதுவும் இல்லை. கார் அசையாமல் நின்ற மாதங்களில் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதைக் கண்டுகொண்டோம். முன்பு காரில் போன காலத்தில், காலி வீதி நெரிசலில் மற்றவர்களைச் சபித்துச் சபித்து, வேலையைத் தொடங்க முன்னரே களைத்துப் போயிருப்பேன். இப்போது காலையில் மரைன் டிரைவில் ஏறினால் இடதுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கொள்ளுப்பிட்டி கடந்து, காலிமுகத்திடலில் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி, கோட்டைக்குள் புகுந்து, புறக்கோட்டையில் சாமான் வண்டி இழுக்கிற நாட்டாமிகளுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து, செட்டியார் தெருவால் கொச்சிக்கடை கடந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேருவேன். மழையில் நனைந்த நாட்கள் உண்டு. அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சேலை வைத்திருக்கிறேன். ஆனால் பழைய களைப்பு போய்விட்டது.

காரை விற்றோம். விற்ற பிறகு வேறு பலதும் தானாகக் குறைந்தன. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பின் சீற் நிறைய அள்ளிக்கொண்டு வந்து, அடுத்த ஞாயிறுக்குள் பாதியைக் குளிர்சாதனப் பெட்டியில் அழுக விட்டு எறிவேன். இப்போது கூடைக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் வாங்குவது. வேலை முடிந்து வரும்போது வெள்ளவத்தைச் சந்தையில் இறங்கி அன்றைக்குத் தேவையான மரக்கறி. எறிவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சொந்தக்காரர்களுக்கு இதைத் தாங்க முடியவில்லை. லண்டனில் இருக்கிற மச்சாள் ஒருத்தி போன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஏதும் கஷ்டமெண்டா மறைக்காமச் சொல்லும்" என்றாள். கஷ்டம் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நான் ரோஷக்காரி, அதனால் மறைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னாள். பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணத்துக்குக் காஞ்சிபுரம் சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். மண்டபத்துக் கேற்றில் நின்றவன் கையை நீட்டி மறித்து, சிங்களத்தில், டிலிவரி என்றால் பின்பக்கத்துக் கேற்றால் வா என்றான். சேலை கட்டி, கொண்டை நிறையப் பூ வைத்த டிலிவரிக்காரியை அவன் அதற்கு முன் எங்கே கண்டானோ தெரியாது. எனக்குப் பின்னால் வந்த கார்களுக்குச் சல்யூட் அடித்து உள்ளே விட்டான். நான் சைக்கிளை எதிர்க்கடை வாசலில் விட்டுவிட்டு நடந்து உள்ளே போனேன்.

வீதியிலும் இதே கதைதான். பஸ் என்னை வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் ஒதுக்கும். ஓட்டோ ஹோர்ன் அடித்துத் திட்டும். பெரிய கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் புத்தி சொல்வார்கள். ஒருவர் கொள்ளுப்பிட்டிச் சந்தியில், "அன்ரி, இந்த வயசில உங்களுக்கு ஏன் இந்த வேலை" என்று கேட்டார். அவர் கார் நான்கு பேருடைய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே அவர் ஒருவர்தான் இருந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் எங்கள் இடம் இருக்கிறது, எங்கள் சைக்கிள் மூன்றும் அங்கே நிற்கும் என்ற நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதிக்குள்தான் ஜீப் வந்தது.

தலைவரின் மகன் ஹொலண்டில் இருந்து திரும்பி வந்திருந்தார். இங்கே ஏதோ வியாபாரம் தொடங்கும் எண்ணம். வந்த கையோடு ஒரு கறுப்பு ஜீப் வாங்கினார். நான் பக்கத்தில் நின்றால் அதன் கண்ணாடிதான் என் முகத்துக்கு நேரே வரும். தலைவரின் இடத்தில் தலைவரின் கார் நின்றது. ஒரு பின்னேரம் வேலையால் வந்து பார்க்கிறேன், எங்கள் இலக்கம் எழுதிய சுவருக்கு முன்னால் ஜீப் நிற்கிறது. எங்கள் சைக்கிள்கள் ஜெனரேற்றர் அறைக்குப் பின்னால், குசினித் தண்ணீர்க் குழாய் ஒழுகும் இடத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்த்திருந்தன.

செக்யூரிட்டிக்காரரைக் கேட்டேன். அவர் காலி பக்கத்துச் சிங்களவர், வயது போன மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சேர் கிவ்வா, மிஸ். மம மொனவா கரன்னத?"

சேர் சொன்னார், நான் என்ன செய்ய. அவர் சேர் என்பது தலைவரை. தலைவரின் வீட்டுக்குப் போனேன்.

"அங்கிள், எங்கட இடத்தில ஒரு ஜீப் நிக்குது."

"ஓம் பிள்ளை, மகன்ர. உங்கட இடம் சும்மாதானே கிடக்குது."

"சும்மா இல்லை அங்கிள். எங்கட சைக்கிள் மூண்டும் அங்கதானே நிக்குது."

அவர் சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. "அது சைக்கிள்தானே பிள்ளை. அது எங்கயும் நிக்கும்."

குரல் கேட்டு மகன் உள்ளேயிருந்து வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. அரைக் காற்சட்டை, கையில் கோப்பிக் கோப்பை.

"அக்கா, நான் அங்க ஒவ்வொரு நாளும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறனான். மழையெண்டாலும் ஸ்நோ எண்டாலும். எனக்குச் சைக்கிள் எண்டா நல்ல விருப்பம்."

"அப்ப இங்கயும் ஓடலாம்தானே தம்பி."

"இங்க சரிவராது அக்கா. அங்க மந்திரிமாரே சைக்கிள்ல போவினம். இங்க ஓடினா ஆக்கள் என்ன நினைப்பினம்?"

இதை அவர் சைக்கிளில் வந்து, வேர்வை காயாமல் நிற்கிற ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கவில்லை. கோப்பியைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த ஊரில் மனிதனாக இருக்கத் தெரிந்தவருக்கு விமானத்தால் இறங்கியதும் ஜீப் தேவைப்பட்டிருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர். ஆனால் சண்டை என்றால் தூர நிற்பவர்.

"கொஞ்ச நாளைக்குத்தானே. விடுமன்" என்றார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"அவரோட பகைச்சா நாளைக்குத் தண்ணி மோட்டர் பழுதெண்டாலும் ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டினம்."

கொஞ்ச நாள் என்பது மாதங்களானது. ஜீப் வெளியே போகும் நேரங்களில் நான் சைக்கிள்களை எடுத்துவந்து எங்கள் இடத்தில் வைப்பேன். தலைவர் மேலேயிருந்து போன் எடுப்பார். செக்யூரிட்டிக்காரர் வந்து, என்னிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு, திரும்ப ஜெனரேற்றருக்குப் பின்னால் கொண்டுபோவார். மூன்று சைக்கிள்களையும் சேர்த்து எங்கள் இடத்துத் தூணில் ஓடுகிற தண்ணீர்க் குழாயோடு சங்கிலி போட்டுப் பூட்டினேன். அடுத்த நாள் சங்கிலி வெட்டிக் கிடந்தது. கேட்டதற்கு, குழாய் எல்லாருக்கும் பொதுவானது, அதில் தனிப்பட்ட சாமான் கட்டக் கூடாது என்று தலைவர் சொன்னார். கள்ளன் பூட்டை வெட்டினால் பொலிசுக்குப் போகலாம். தலைவர் வெட்டினால் அதற்கு நிர்வாகம் என்று பெயர்.

அந்த மாதங்களில் என் சமையலில் உப்புக் கூடியது. கணக்குப் பார்க்கும்போது எண்களுக்கு நடுவே அந்தக் கறுப்பு ஜீப் வந்து நின்றது. வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தேன். யாரில் கோபமோ அவரிடம் காட்ட முடியாமல், காட்டக்கூடியவர்களிடம் காட்டினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மகளுக்கு அப்போது பதினாறு வயது. கீழே போனவள் உடனேயே மேலே வந்தாள்.

"அம்மா, என்ர சைக்கிள் உடைஞ்சுபோச்சு. பரவாயில்லை, நான் கிளாசுக்கு ஓட்டோல போறன்."

"எப்பிடி உடைஞ்சது?"

"தெரியாது. பரவாயில்லை அம்மா. ஒருத்தரிட்டயும் கேக்க வேண்டாம்."

நான் இறங்கிப் போனேன். மகள் முதல் நாள் எங்கள் இடத்தின் ஓரத்தில் விட்டிருந்த சைக்கிளின் பின் சில்லு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. கம்பிகள் பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜீப்பின் பின்பக்க பம்பரில் நீலப் பெயின்ற் ஒட்டியிருந்தது. மகளின் சைக்கிள் நீலம். சைக்கிளை நிமிர்த்தி வைக்கக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், ஜீப் ஏறியதைவிட மகளின் அந்தப் "பரவாயில்லை" எனக்கு நெஞ்சில் குத்தியது. தன்னுடைய சாமானை ஒருவன் நசித்துவிட்டுப் போயிருக்கிறான், இவள் சத்தம் போடாமல் ஓட்டோவுக்குக் காசு கேட்கிறாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். ரியூசனில் பிள்ளைகள் இவளைச் சைக்கிள்காரி என்று பகிடி பண்ணுகிறார்களாம். அதனால் உடைந்ததும் ஒரு விதத்தில் நல்லது என்று நினைத்தாளாம். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் காலால் மிதித்துப் போவது வெட்கம் என்று இந்த ஊர் படிப்பித்து முடித்துவிட்டது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜீப் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டது. நான் பல்கனியில் இருந்த பிளாஸ்ரிக் கதிரையை எடுத்தேன். ஒரு சுளகில் வெண்டிக்காயும் வெங்காயமும், ஒரு கத்தி. லிஃப்டில் இறங்கினேன். எங்கள் இடத்தில் மூன்று சைக்கிளையும், வளைந்ததையும் சேர்த்து, வரிசையாக நிறுத்தினேன். அவற்றுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன்.

செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்தார். "மிஸ், பிரஷ்ன எனவா" என்றார். பிரச்சினை வரும். பிரச்சினை வந்து எத்தனையோ மாதம் என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன். மேலேயிருந்து போன் அடித்தது. அவர் எடுத்தார், "ஹரி சேர், ஹரி சேர்" என்று சரி சொன்னார். என்னிடம் திரும்பி வரவில்லை. கேற்றடியில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீதியைப் பார்த்தபடி நின்றார்.

ஜீப் வந்தது. நெற்றியில் திருநீற்றோடு மகன் கண்ணாடியை இறக்கினார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி அரக்குங்கோ."

"இது எங்கட இடம் தம்பி. எங்கட சைக்கிள் நிக்குது."

"விளையாடாதேங்கோ அக்கா. பின்னால வேற வாகனம் வருது."

"நான் விளையாடேல்லை. வெண்டிக்காய் வெட்டுறன்."

அவர் ஹோர்ன் அடித்தார். கீழ்த்தளத்தில் அந்தச் சத்தம் தலைக்குள் புகுந்து குடைந்தது. படிகளிலும் லிஃப்ட் வாசலிலும் ஆட்கள் கூடினார்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் என்னோடு மரைன் டிரைவில் சைக்கிள் ஓடியவர்கள்.

தலைவர் வேட்டியோடு இறங்கி வந்தார்.

"பிள்ளை, படிச்ச ஆக்கள் செய்யிற வேலையே இது?"

"படிச்ச ஆக்கள் மற்ற ஆக்களின்ர பூட்டை வெட்டுவினமோ அங்கிள்?"

அவர் முகம் கறுத்தது. பிள்ளை என்பது போய்விட்டது. "உமக்கு வாகனம் இல்லையெண்ட எரிச்சல். அதை எங்களில காட்டாதையும்."

அதுவரைக்கும் நான் குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு உயர்த்தினேன். எழுந்து நின்றேன், கத்தி கையில் இருந்தது, அதைச் சுளகில் வைக்கவேண்டும் என்ற புத்தி மட்டும் இருந்தது, வைத்தேன்.

"எங்களுக்கு வாகனம் இருக்கு. மூண்டு இருக்கு. ஒண்டில உங்கட மகன் ஏத்திப் போட்டு ஒரு சொல்லும் சொல்லாமப் போனவர். வெள்ளைத் தொப்பி போட்டு நீங்களும் இதைத்தானே ஓடினீங்கள். அப்ப உங்களுக்கும் வாகனம் இருக்கேல்லையோ? நான் ஒருத்தரின்ர பெற்றோலையும் குடிக்கேல்லை, ஒருத்தரின்ர வழியையும் மறிக்கேல்லை. என்ர இடத்தில நிக்கிறன். எனக்கு எரிச்சல்தான். ஓம், நல்ல எரிச்சல்."

இன்னும் சொன்னேன். எல்லாம் ஞாபகமில்லை. குரல் உடைந்ததும், கண்ணீர் வந்ததும், அது வெங்காயத்தால் என்று ஒருவராவது நினைக்கவேண்டும் என்று விரும்பியதும் ஞாபகம். தலைவர் போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, கீழ வாரும். உம்மட மனிசியைக் கூட்டிக்கொண்டு போம்."

கணவர் இறங்கி வந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வளைந்த சில்லைப் பார்த்தார். மகள் அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை, நானும் அந்தக் கோபத்தில் சொல்லவில்லை. அவர் குனிந்து சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். கால்வாசி சுற்றி, பிறேக் கட்டையில் முட்டி நின்றது. எழுந்து கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"அங்கிள், ஜீப்பை வெளியில விடச் சொல்லுங்கோ" என்றார். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி மேலே போய்விட்டார்.

ஜீப் பின்னால் எடுத்து ஒழுங்கையில் நின்றது. நான் மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். மகள் வந்து, "அம்மா, பிளீஸ், மேல வாங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்றாள். பார்க்கட்டும் என்றேன். அவள் அழுதுகொண்டு போனாள். சில நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. அன்றிரவு கணவரிடம், ஏன் என்னோடு நிற்காமல் போனீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு அவ்வளவுதான் வரும்" என்றார்.

அது உண்மை என்று தெரிந்தது. இருந்தாலும் கோபம் குறையவில்லை.

அடுத்த கிழமை நிர்வாகக் குழு கட்டடத்துக்காரர் எல்லாரையும் கூட்டியது. கார் பார்க்கில் சைக்கிள் விடக் கூடாது, அது கட்டடத்தின் தரத்தைக் குறைக்கிறது என்று தலைவர் பிரேரணை கொண்டுவந்தார். கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழும்பின. பல்கனியில் சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறவர்களின் கைகளும் எழும்பின. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். சிலர் தூக்கிய கையோடு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அப்போது இரண்டாம் மாடியில் இருக்கும் வழக்கறிஞர், கூட்டங்களில் வழக்கமாக நித்திரை கொள்கிறவர், கொட்டாவி விட்டபடி சொன்னார்: "அந்த இடம் வீட்டு உறுதிப் பத்திரத்தோட சேந்தது. அவை அதில ஆட்டுக்கல்லை வைச்சிருந்தாலும் எங்களால ஒண்டும் கேக்கேலாது. வழக்குப் போட்டாத் தோப்பம்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிரேரணை கைவிடப்பட்டது. இடம் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நான் வென்றதாக அந்த வழக்கறிஞர் என்னோடு கை குலுக்கினார். எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. அங்கே ஒருவராவது இது பிழை என்று சொல்லவில்லை. வழக்குத் தோற்கும் என்று பயந்துதான் கையை இறக்கினார்கள்.

அதற்குப் பிறகும் ஒன்று நடந்தது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது. செக்யூரிட்டிக்காரர் மாறிவிட்டார். ஒரு காலையில் புதிதாக ஒரு இளைஞன் நின்றான். பழையவரை அனுப்பின கம்பனிக்குப் போன் எடுத்தேன். தலைவரின் முறைப்பாடு என்றார்கள். சொன்ன வேலையைச் செய்யவில்லையாம். என்னை எழுப்பவில்லை, சைக்கிளை அகற்றவில்லை, அதுதான் குற்றம். கிருலப்பனையில் ஒரு களஞ்சியத்துக்கு இரவுக் காவலுக்கு மாற்றியிருந்தார்கள். என் பக்கத்து நியாயத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் சொன்னால் மாற்றத்தான் வேண்டும் என்றார்.

நான் அந்தக் களஞ்சியத்துக்கு ஒரு பின்னேரம் சைக்கிளில் போனேன். அவர் வேலைக்கு வந்து சேர்ந்த நேரம். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்காக அப்படி நின்றதற்கு நன்றி என்றேன். உங்களுக்காக இல்லை மிஸ், அந்தப் பிள்ளையின் சைக்கிளை நிமிர்த்தாமல் விட்டது எனக்கே பிடிக்கவில்லை என்றார். இரவு வேலை சுகமில்லை, முழங்கால் நோகிறது என்றும் சொன்னார். திரும்ப எங்கள் கட்டடத்துக்கு எடுக்கச் சொல்லி நான் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அந்தச் சேரின் முகத்தில் திரும்ப முழிக்க விருப்பமில்லையாம்.

இப்போது ஜீப் ஒழுங்கையில் நிற்கிறது. குப்பை எடுக்கிற டிரக்டர் உள்ளே வர முடியாமல் காலி வீதி முனையிலேயே நின்றுவிடுகிறது. மூன்று கட்டடத்துக்காரர் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று பேச்சு. ஜீப்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மகளின் சைக்கிளுக்குப் புதுச் சில்லு போட்டாயிற்று. அவள் ஏறுவதில்லை. ஓட்டோவில்தான் போகிறாள். நான் வற்புறுத்தவில்லை, அது அவளுடைய முடிவு, ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரியூசன் பிள்ளைகளில், அவர்களைப் பெற்றவர்களில், காலிமுகத்திடலில் என் முழங்கையை உரசிக்கொண்டு போகிற கார்களில் எல்லாம் ஒன்றாகக் கோபம் வருகிறது. கணவர் தினமும் பம்பலப்பிட்டிக்கு ஓடுகிறார். நான் கொட்டாஞ்சேனைக்கு ஓடுகிறேன்.

போன கிழமை லிஃப்டில் தலைவர் தனியாக ஏறினார். கதவு மூடிய பிறகு, பழையபடி சிரித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் கோபமோ பிள்ளை?"

"ஓம் அங்கிள்" என்றேன்.

நாலாம் மாடி வந்தது. மரக்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.